கொலுப் பெட்டியை ஆடியிலேயே இறக்குங்க!

எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு சின்ன கேங் இருக்கு. வார்ஹாமர் பைத்தியம். டிராகன், ஓர்க், கவசம் போட்ட வீரன்னு விரல் உயரப் பொம்மைகளைக் காசு சேர்த்து வாங்குவாங்க, இல்லன்னா 3டி பிரிண்ட் எடுப்பாங்க. அதுக்குப் பெயிண்ட் அடிக்கிறது எப்படின்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூப் ஓடும். நானும் அந்த கேங்தான், அதனால கிண்டல் பண்ண வரல. ஆனா அதே பசங்ககிட்ட "உங்க வீட்ல கொலு வைப்பீங்களாடா?"ன்னு கேட்டா, "அது அம்மா டிபார்ட்மெண்ட் மச்சி"ன்னு பதில் வருது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலோட சண்டை போடத்தான்.

யோசிச்சுப் பாருங்க. தூணைப் பிளந்துக்கிட்டு வர்ற நரசிம்மர். பத்துத் தலை ராவணன். தூங்குற கும்பகர்ணனை எழுப்ப மேளமும் ஈட்டியுமா மேலே ஏறி நிக்கிற குட்டி குட்டி அரக்கர்கள். இதைவிட என்ன பேண்டஸி வேணும்? வார்ஹாமர் வந்தது 1983-ல். எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வச்சு விளையாட 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு விதிப் புத்தகமே போட்டது 1913-ல். நம்ம வீட்டுப் பரண்ல இருக்கிற தகரப் பெட்டியிலயும் அதே சமாச்சாரம்தான்: ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு புதுசா சேர்க்கணும், செட் முழுசாகணும், படியில எது எங்க நிக்கணும்னு சண்டை போடணும். ஒரு வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன். கொலு விளையாட்டு மட்டும் இல்ல, வழிபாடும் கூட. ஆனா அந்த வழிபாட்டுக்குள்ளேயே அரிசி பருப்பு பரப்பி வச்ச செட்டியார் கடையும், கிரிக்கெட் செட்டும், பார்க்கும் வந்து உட்கார்ந்தாச்சு. கொலு யாரையும் வெளியே நிறுத்தல. நாமதான் வெளியே நிக்கிறோம்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எங்களுக்குக் கொலு வைக்கிற வழக்கமே கிடையாது. அம்மா சின்ன வயசுல ஒரு டீச்சர் வீட்டுக்குச் சுண்டல் வாங்கப் போயிருக்காங்க. வாசல்ல நின்னு எட்டிப் பார்த்ததோட சரி. நான் ஒன்பதாவது படிக்கும்போது, "நாமளும் மூணு படி வைக்கலாமா?"ன்னு கேட்டாங்க. அத்தை உடனே, "நம்ம வீட்ல அதெல்லாம் பழக்கம் இல்லையே"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குத்தம்பாக்கத்துல இருந்து பூந்தமல்லி போய், பஸ் மாறி, மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனார். பிளாட்பாரம் முழுக்க பொம்மை. ஒரு தசாவதாரம் செட், ஒரு ராவணன். அவ்வளவுதான் கட்டுப்படியானது. அன்னைக்கு அம்மா பேசின பேரத்தை நினைச்சா எனக்கு இப்பவும் கூச்சமா இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பாகங்கள் செய்யற யூனிட்ல பெயிண்ட் ஷாப் வேலை. பத்தொன்பது வருஷம் ஸ்ப்ரே கன் பிடிச்ச கை. ரெண்டு வருஷம் முன்னாடி லைனுக்கு ரோபோ வந்துச்சு. அப்பாவை வேலையை விட்டு அனுப்பல, இன்ஸ்பெக்ஷனுக்கு மாத்தினாங்க. சம்பளம் குறையல. ஆனா மனுஷன் வீட்டுக்கு வந்து டிவி ரிமோட்டை வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் எடுத்திருக்கிற எலெக்டிவ் பேரு ரோபாட்டிக்ஸ். அதைப் பத்தி வீட்ல பேசறதையே நிறுத்திட்டேன்.

அந்த வருஷம் பெட்டியைத் திறந்தப்போ ராவணனுக்கு மூணு மூக்கு உடைஞ்சு, நிறம் உதிர்ந்து கிடந்துச்சு. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கலாம்"னேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துட்டு, "பெயிண்ட் நிக்கிறது பெயிண்ட்னால இல்லடா, அடியில இருக்கிற சர்ஃபேஸால. இது சரியா தேய்க்கவே இல்ல"ன்னார். பல மாசத்துக்கு அப்புறம் அவர் வேலையைப் பத்திப் பேசின முதல் வாக்கியம் அது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உண்மையான லேப். கொலு பொம்மை சுட்ட மண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸான்னு முதல்ல பார்க்கணும். எதுவா இருந்தாலும் தண்ணியில கழுவக் கூடாது. காகிதக் கூழ் ஊறிப் போயிடும், பழைய நிறம் கரைஞ்சு வரும். காய்ஞ்ச மெத்து பிரஷ்ஷால தூசி தட்டணும். உடைஞ்ச மூக்குக்குச் சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் குழைச்சு வச்சு, காய விட்டு, 400 நம்பர் உப்புத்தாளால மெதுவா தேய்க்கணும். மாஸ்க் போட்டுக்கோங்க, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அப்புறம் வெள்ளை பிரைமர். மேல அக்ரிலிக், கெட்டியா ஒரு கோட் இல்ல, மெலிசா ரெண்டு கோட். வேட்டி மடிப்புல நிழல் வேணும்னா அடர் நிறத்தை நீர்க்கக் கரைச்சு ஓட விட்டா, அது தானா பள்ளத்துல போய்த் தங்கும். வார்ஹாமர் பசங்க இதை வாஷ்னு சொல்வாங்க. அப்பாவுக்கு அந்தப் பேரு தெரியாது. ஆனா பார்த்ததுமே, "அது பள்ளத்துலதான் தேங்கும், எங்க லைன்ல இதைத்தான் டிஃபெக்ட்னு எழுதுவோம்"னார். அங்க தப்பு, இங்க அழகு.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவருக்கும் சண்டை. மினியேச்சர் பெயிண்ட் பண்றவங்க நிறைய பேர் கண்ணை முதல்ல போட்டுடுவாங்க, பிசகினா சுத்தித் திருத்திக்கலாம்னு. நம்ம சிற்பிகள் வழக்கத்துல கண் திறக்கிறது கடைசி. அம்மா கடைசிதான்னு தீர்ப்பு சொன்னாங்க. நான்தான் போட்டேன். ஒரு ஜோடிக் கண்ணுக்கு நாப்பது நிமிஷம். அப்படியும் நரசிம்மருக்கு மாறுகண். அம்மா சிரிக்கல. அதைக் கையில வச்சுக்கிட்டு, "இந்தக் கண்ணையா நான் பேரம் பேசினேன்?"ன்னாங்க.

ராவணனோட பத்து மீசையும் அப்பா வரைஞ்சது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. "இன்ஸ்பெக்ஷன்ல போட்டா பத்தும் ரிஜெக்ட்"னு சொல்லி அவரே சிரிச்சார்.

இப்போ நீங்க கேக்கப் போற கேள்விகளுக்கு வர்றேன்.

"டைம் எங்க இருக்கு? பிளேஸ்மெண்ட் சீசன்ல பொம்மையா?" நியாயம். அதனாலதான் ஆடியிலேயே பெட்டியை இறக்கச் சொல்றேன். நவராத்திரிக்கு முந்தின நாள் இறக்கினா தூசி தட்டத்தான் நேரம் இருக்கும், உடைஞ்சது குப்பைக்குப் போகும், புதுசு ஆன்லைன்ல வரும். ஆடியில இறக்கினா வாரத்துக்கு ஒரு பொம்மைன்னு எட்டு பொம்மை தேறும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். அதைவிட அதிகமா நாம ரீல்ஸ் பார்க்கிறோம்.

"எங்க வீட்ல வழக்கம் இல்ல." எங்க வீட்லயும்தான் இல்ல. எங்க ஊர்ல சமத்துவபுரம் இருக்கு. ஒரே சுவரை நடுவுல வச்சு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேற சாதிக் குடும்பம்னு இரட்டை வீடுகள். அந்த யோசனைக்குப் பின்னாடி நின்ன பஞ்சாயத்துத் தலைவர் இளங்கோ, நம்ம மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர்தான், கெமிக்கல். சுவரையே பொதுவாக்க முடியும்னா மூணு படி மரப் பலகையைப் பொதுவாக்க முடியாதா? சாமி வேண்டாம்னா சாமி இல்லாம வைங்க. உங்க டிராகனையும் ஓர்க்கையும் கீழ்ப் படியில நிறுத்துங்க. எங்க வீட்ல என்னோட ஓர்க் போன வருஷம் செட்டியார் கடையில பருப்பு வாங்கிட்டு இருந்தான். பக்கத்து வீட்டு வாண்டுகள் அவனைப் பார்க்கத்தான் ரெண்டாவது தடவை வந்தாங்க.

மூணாவது கேள்விதான் கஷ்டமானது. "எல்லாரும் வீட்லயே பெயிண்ட் அடிச்சா, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவும், மதுரை விளாச்சேரியும், பண்ருட்டியும் எப்படிப் பிழைக்கும்?" இதை நான் ரொம்ப நாள் யோசிச்சேன். என் பதில் இதுதான்: கை வேலையைக் கொல்றது அதைச் செஞ்சு பார்க்கிறவன் இல்ல, செஞ்சே பார்க்காதவன். மண் பிசைஞ்சு, ரெண்டு பாதி அச்சுல அழுத்தி, ஒட்டி, காய வச்சு, சுட்டு, தேய்ச்சு, ஒவ்வொண்ணுக்கும் கண் வரையற ஆளுக்கு என்ன விலை கொடுக்கணும்னு, ஒரு கண்ணாவது வரைஞ்சவனுக்குத்தான் தெரியும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு 2008-09லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. குறியீடு பேரைக் காப்பாத்தும். கூலியைக் காப்பாத்த வேண்டியது வாங்குற நாம. ரிப்பேர் நாம பண்ணுவோம், வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை செஞ்சவங்ககிட்ட நேரா வாங்குவோம், பேரம் பேசாம. பழசு வீட்ல நிலைச்சாதான் புதுசு சேர்க்க ஆசை வரும்.

எனக்கு ஆட்டோமேஷன் கம்பெனி ஒண்ணுல வேலை கிடைச்சிருக்கு. ஜூலைல சேரணும். அப்பாகிட்ட சொன்னப்போ ஒரு நிமிஷம் அமைதியா இருந்தார். அப்புறம், "ரோபோவுக்கு டீச் பண்ணும்போது பெயிண்ட் ஷாப்ல இருக்கிற பழைய ஆளுங்களை ஒரு வார்த்தை கேளு"ன்னார். கேப்பேன்.

காசு தராத கை வேலைக்கும் ஒரு இடம் வேணும். ஃபேக்டரி இனி அந்த இடத்தைத் தராது. வீட்டு ஹால்ல, பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு, அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் சுத்தி உட்கார்ந்து, ஒரே பிரஷ்ஷுக்கு அடிச்சுக்கிற அந்த ரெண்டு மணி நேரம் தரும்.

இந்த ஆடிக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேன்னு நினைக்கிறேன். ராவணன் மறுபடியும் ஒரு மூக்கை உடைச்சுக்கிட்டானாம். சாக்பீஸும் ஃபெவிகாலும் வாங்கி வச்சுட்டுத்தான் கிளம்புவேன். நீங்களும் பரணைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க.