அக்கடா என்று உட்காருங்கள்!

"வயதாகிவிட்டது. இனிமேல் அக்கடா என்று உட்காருங்கள், அப்பா!"

பெற்றவர்களுக்கு நாம் செய்கிற பெரிய மரியாதை இது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. கணக்கு நோட்டைப் பிடுங்கிக்கொள்கிறோம்; கடைத்தெருவுக்கு அனுப்ப மறுக்கிறோம்; யோசனை கேட்பதையும் விட்டுவிடுகிறோம். பிறகு, "அப்பாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது" என்று அங்கலாய்க்கிறோம்!

1988-ல் ராபர்ட் காட்ஸ்மனும் அவருடைய தோழர்களும், காலமான 137 முதியோரின் மூளைகளைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டார்கள். சிலருடைய மூளையில் மறதி நோயின் சேதம் நிறையவே இருந்தது. ஆனால் உயிரோடிருந்தவரை அவர்கள் புத்தி தெளிவாகவே நடமாடியவர்கள்! ஒரு வழி அடைபட்டால் மறுவழியில் வேலையை முடிக்கிற சேமிப்பு மூளைக்கு உண்டு என்கிறார்கள் அறிஞர்கள்.

அந்தச் சேமிப்பு படித்தவர்களின் தனிச் சொத்தா? இல்லை. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டுகள் தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

வேலை செய்தால் நோயே வராது என்று நான் சொல்லவில்லை. மூளையின் வேலையைப் பறிக்காதீர்கள் என்கிறேன்.

வீட்டில் நடக்கும் இந்தப் பறிப்பு ஊரளவில் நடந்தால்? சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியைப் பாருங்கள். 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே வாங்கியது என்றது நிர்வாகம். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

பயிருக்கு விலை போட்டாயிற்று. வரப்பில் நடந்த கிழவருக்கு? நாற்றுக்கு எத்தனை நாள், எந்த மடையை எப்போது திறப்பது, இலை ஏன் மஞ்சளிக்கிறது, யாரிடம் ஆள் கேட்பது—விடியற்காலை முதல் அவர் மூளை உழைத்த உழைப்புக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலில் இடமிருக்கிறது? பணத்தைக் கையில் கொடுத்துத் திண்ணையில் உட்காரச் சொன்னால், அதற்குப் பெயர் ஓய்வல்ல, வெளியேற்றம்.

சுரங்கத்தைப் பற்றிச் சட்டசபையும் நீதிமன்றமும் பேசட்டும். நம் வீட்டுத் திண்ணைக்கு நாம்தானே பொறுப்பு? அப்பாவிடம் அந்தக் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். கூட்டலில் இரண்டு ரூபாய் பிசகினால் பிசகட்டும்!