சீனியை விட்டா சுகர் போயிடுமா?

பெருநாள் லீவுக்கு அதிராம்பட்டினம் போயிருந்தேன். எப்பவும் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கிற மாமா இந்த தடவ வரல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா காலை நீட்டி உக்காந்திருக்காங்க, பாதத்துல பெரிய கட்டு. செருப்பு கடிச்ச சின்னப் புண்ணுதான். வலியே தெரியலையாம், அதனால கண்டுக்கல. கடைசியில கட்டை விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

"மாமா, சுகருக்கு ஒழுங்கா மாத்திரை சாப்புட்டியளா இல்லையா?"

"நான்தான் பத்து வருசமா சீனியவே தொடலையே மருமவனே! அப்புறம் எதுக்கு மாத்திரை? நாலு நாளைக்கு ஒண்ணு போட்டுக்குவேன்."

உண்மைதான். மாமா டீயில சீனி போட மாட்டாங்க. வட்டிலப்பம் பக்கம் தலை வச்சுக்கூட படுக்க மாட்டாங்க. ஆனா மத்தியானம் மீன் ஆணத்தோட ரெண்டு தட்டு சோறு, ராத்திரிக்கு நாலு பரோட்டா. சோறும் மைதாவும் வயித்துக்குள்ள போய் சர்க்கரையாத்தான் மாறுதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. வியாதிக்கு 'சுகர்'னு பேரு, அதனால எதிரி சீனி. அவ்ளோதான் கணக்கு.

நான் பொட்டி தட்டுற ஆளு. ஒரு வேரியபிளுக்கு தப்பான பேரு வச்சா, அடுத்து வர்றவன் அந்தப் பேரை நம்பியே கோடு எழுதுவான், சிஸ்டம் படுத்துக்கும். வியாதிப் பேருலயும் இதே கதைதான்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

ராத்திரி தூக்கம் வரல. டயாபடீஸ்னா என்னதான் அர்த்தம்னு தேட ஆரம்பிச்சேன். கிரேக்கத்துல 'ஊடே வழிஞ்சு ஓடுறது'ன்னு பொருள். குடிக்கிற தண்ணியெல்லாம் நிக்காம வெளிய போகுதேன்னு அந்தப் பேரு. நம்ம 'நீரிழிவு'ம் அச்சு அசலா அதேதான்! கூட வர்ற மெல்லிட்டஸ் லத்தீன், தேன் கலந்ததுன்னு அர்த்தம். நம்ம பக்கம் 'மதுமேகம்'. மதுன்னா தேன், மேகம்னா இங்க வானத்து மேகம் இல்ல, சிறுநீர். எங்கேயோ இருந்தவங்க ஒரே வியாதியைப் பார்த்து ஒரே மாதிரி பேரு வச்சிருக்காங்க.

அப்புறம் விட முடியல, தோண்டிக்கிட்டே போனேன். மஸில்னா லத்தீன்ல 'குட்டி எலி'. கையை மடக்கிப் புஜத்தைப் பாருங்க, எலி ஓடுற மாதிரிதான் இருக்கும் :-) கண்ணுல இருக்குற பியூப்பில்னா 'சின்னப் பொம்மை'. அடுத்தவங்க கண்ணுக்குள்ள நம்ம உருவம் பொம்மை மாதிரி தெரியுதுல்ல, அதான். நாம அதையே 'பாவை'ன்னு சொல்றோம், வள்ளுவர் காலத்துலயே இருக்குற சொல்லு. ஆக, நாம பெரிய இங்கிலீஷ்னு பயப்படுற வார்த்தையெல்லாம் அந்த ஊருக்காரங்களுக்கு எலியும் பொம்மையும்தான்!

உடனே "தூய தமிழ்ல பேரு வச்சா எல்லாம் சரியாயிடும்"னு சொல்ல வரல. பழைய பேருங்க எல்லாமே சரியும் இல்ல. ஆர்ட்டரிக்குள்ள காத்துதான் ஓடுதுன்னு பழைய கிரேக்கர்கள் நம்புனாங்க. செத்த உடம்பை அறுத்துப் பார்த்தப்போ அது காலியா இருந்ததால வந்த வினை. நம்ம 'தமனி'யும் ஊதுறதுங்குற வடமொழி வேர்லேருந்து வந்ததுதான். 'நீரிழிவு'ன்னு சொல்லியிருந்தாலும், "எனக்குத்தான் அடிக்கடி ஒண்ணுக்கு வரலையே"ன்னு மாமா மாத்திரையை விட்டிருக்கலாம். எந்தப் பேருமே பாதி உண்மைதான். மீதியை யாராவது வாயால சொல்லணும்.

சொல்லலைன்னா ஜனங்க தாங்களே அர்த்தம் கண்டுபிடிச்சுக்குவாங்க. 2006ல சிக்குன்குனியா வந்தப்போ, 'சிக்கன்'னு காதுல விழுந்ததால கோழிக்கறியை நிறுத்துன வீடுங்க எத்தனை! நிஜத்துல அது தான்சானியா பக்கத்து மகொண்டே மொழி. மூட்டு வலியில உடம்பு வளைஞ்சு முறுக்கிப் போறதைச் சொல்ற வார்த்தை. கோழி பாவம். கடிச்சது கொசு.

"இதெல்லாம் தமிழ்ல விளக்க முடியாதுங்க"ன்னு சொல்ற டாக்டர்களுக்கு ஒரே பதில், சாமுவேல் கிரீன். 1847ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர். தமிழ் படிச்சு, மானிப்பாய்ல தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தவர். இரண வைத்தியம் (1867), கெமிஸ்தம் (1875)னு வரிசையா புத்தகம் போட்டார். அவர் பயன்படுத்துன 'அங்காதிபாதம்' மாதிரி சொல்லெல்லாம் இன்னைக்கு யார் வாயிலயும் இல்ல. இருக்கட்டும். நோயாளிக்கும் மாணவனுக்கும் புரியணும்னு கடல் தாண்டி வந்த ஒருத்தர் மெனக்கெட்டாரே, அதான் விஷயம். இங்கேயே பொறந்து இதே தமிழ் பேசுற டாக்டருக்கு அதுல என்ன கஷ்டம்?

சுகர்னே சொல்லுங்க டாக்டர், பரவாயில்ல. கூடவே ரெண்டு நிமிஷம், "இது சீனியால மட்டும் வர்றதில்ல, சோத்தையும் அளந்து சாப்பிடணும், மாத்திரையை விடக்கூடாது, தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க"ன்னு சொல்லிடுங்க. கூட்டம் அதிகம்தான், தெரியும். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு எங்க வீட்டுல ஒரு விரலை விலையாக் கொடுத்திருக்கோம்.

கிளம்புறப்போ மாமாகிட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். எலி, பொம்மை கதைக்கெல்லாம் சிரிச்சாங்க. சோறு மேட்டர் வந்ததும் முகம் தொங்கிப் போச்சு. "காவேரித் தண்ணி பாயுற ஊருல பொறந்துட்டு சோத்தைக் குறைக்கச் சொல்றியே மருமவனே"ன்னாங்க. மாமியை ஒரு சின்ன கிண்ணம் எடுத்து வரச் சொல்லி, இனிமே இதுதான் அளவுன்னு காட்டிட்டு வந்திருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி பேரை வச்சு ஏமாந்த கதை இருக்கும். பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. யாராவது ஒருத்தர் விரலாவது மிஞ்சட்டும்.