எந்தக் காலனி?

ஒரே சொல்லுக்கு இரண்டு சாதி இருக்கிற மொழி நம்ம மொழி. அந்தச் சொல் 'காலனி'. கிராமத்தில் 'காலனிக்காரன்' என்றால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. சேரிக்கு அரசாங்கம் வைத்த பேர் அது. சென்னைப் புறநகரில் 'பேங்க் காலனி', 'டீச்சர்ஸ் காலனி' என்று சொல்லுங்கள், வாடகை ஏறும். எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு. குடியிருக்கிறவன் யார் என்பதுதான் வேறு. 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் நீக்கப்போவது எதை? போர்டில் இருக்கிற சொல்லையா, போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர் – சேரியையா?

இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களின் முகத்துக்கு நேராக, அது அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடம் என்று 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசினார் அண்ணல் அம்பேத்கர். அந்தக் கிராமத்தை விட்டுத்தான் வந்தோம். படித்து, பரீட்சை எழுதி, வேலை வாங்கி வந்தோம். 'பட்டணத்துல யாருப்பா சாதி பாக்குறான்?' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாமல் ரயில் பாதையோரமாகத் தெற்கே நகர்ந்தோம். 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பாதை நெடுக வளர்ந்த ஊர்கள் இவை. பகலில் பட்டணத்தில் உழைத்துவிட்டு ராத்திரி வந்து தூங்குகிற ஊர்கள்.

நான் குடியிருப்பது அதில் ஒன்றான குரோம்பேட்டையில். இந்த ஊருக்கு ஏன் இந்தப் பேர்? தல புராணம் எதுவும் இல்லை, எந்த ரிஷியும் இங்கே தவம் பண்ணவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்த குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை கொடுத்த பேர் இது. குரோம் உப்பில் தோல் பதனிடுகிற முறைதான் ஊரின் பேராகி நிற்கிறது. பக்கத்தில் பம்மல், நாகல்கேணியிலும் தோல் பதனிடும் ஆலைகள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிற வேலையை எந்தச் சாதிகளின் தலையில் இந்தச் சமூகம் கட்டியது என்று இந்த இதழ் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆக, தோலின் பேரை விலாசத்தில் எழுதிக்கொள்ள இவர்களுக்குக் கூச்சமில்லை. ரேஷன் கார்டில் அந்தப் பேர், கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பேர். மாட்டுக்கறி தின்கிறவனுக்கு வீடு கொடுக்கத்தான் ஆசாரம் தடுக்கிறது!

வீடு தேடி அலைந்த இரண்டு மாதத்தில் 'நீ என்ன சாதி' என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் புறநகரின் நாகரிகம். 'சொந்த ஊரு எது தம்பி?' 'ஊருக்குள்ளயா, வெளியயா?' 'அப்பா என்ன பண்றாரு?' 'குலதெய்வம் எது?' 'நான்வெஜ் சமைப்பீங்களா?' ஐந்தே கேள்வியில் நம்ம சேரி வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறார்கள். அப்புறம், 'பையன் வர்றான், வீடு எங்களுக்கே தேவைப்படுது.' மறுவாரமும் 'டு லெட்' போர்டு அங்கேயே தொங்கும். கூடத்தில் பெரியார் படம் மாட்டியிருந்த ஒரு வீட்டில் சொன்ன பதில் இது: 'எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கீழ் வீட்டுல இருக்கிறவங்கதான் ஒரு மாதிரி.' சாதி எப்போதும் கீழ் வீட்டில்தான் குடியிருக்கிறது போல!

சட்டம் இல்லையா? இருக்கு. 1955இல் வந்து, 1976இல் பேர் மாறிய பி.சி.ஆர். சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. எந்தப் பகுதியிலும்! ஆனால் 'வெஜிடேரியன் ஒன்லி' என்று போர்டு மாட்டுகிறவன் மேல் எந்த ஸ்டேஷனில் வழக்குப் போடுவார்கள்? நாக்கைக் கேட்பதுபோல் பிறப்பைக் கேட்கிறான். 2005இல் உச்ச நீதிமன்றம், குஜராத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சின்னஞ்சிறு சமூகம் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆதிக்க சாதிக்காரன் அதே வழியில் வந்து 'எங்க ஆளுங்களுக்கு மட்டும்' என்றால் என்ன சொல்வீர்கள்?

இந்தத் தெருக்களில் நமக்கு அனுமதியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய வீட்டின் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் யாரைத் தேடுகிறார்கள்? அப்போது குலதெய்வம் கேட்பதில்லை. கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்பில்லாமல் குழிக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1993 முதல் சாக்கடைக்குள் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. மாடியில் வாடகைக்கு இடமில்லாதவனுக்கு அதே வீட்டின் மலக்குழியில் இடமிருக்கிறது!

இன்னொரு புறநகரும் உண்டு: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடிசைகளைப் பிய்த்து, சனங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் அதுவே நடந்தது. லோன் போட்டு வந்தால் 'நகர்'. லாரியில் வந்தால் புதுச் சேரி. இரண்டுக்கும் பேர் புறநகர்தான்.

நம்மில் வேலையிலிருக்கிற பலர் பேரை மறைத்து, ஊரை மறைத்து, கறி வேகும்போது சன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களைக் கோழை என்று மேடையிலிருந்து திட்டுவது சுலபம். புள்ளைக்குட்டியோடு நடுத்தெருவில் நிற்பது யார்? மறைக்கிறவர் மேல் கோபப்படாதீர்கள், மறைக்க வைக்கிறவன் மேல் கோபப்படுங்கள்.

தோழர்களே, மாணவர்களே! வீடு மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதி, தெரு, கேட்ட கேள்வி, சொன்ன சாக்கு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய் 4ஆம் பிரிவில் புகார் கொடுங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். 'சைவம் மட்டும்' என்று சொல்லி வாடகைக்கு விடுவதையும் தீண்டாமைக் குற்றமாக்கு என்று கேளுங்கள். காலனி என்ற சொல்லை எடுத்த அரசாங்கத்துக்கு இந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதை முடிக்கிற வரைக்கும், 'எந்தக் காலனி?' என்று எவனாவது கேட்டால், சேரி என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சாவியைக் கேளுங்கள்.