சிறார் கையிற் பூதக்கண்ணாடி

எறும்பின் பின்னே தவழ்ந்து செல்லும் குழந்தையைக் காணாதார் யார்? அறிவியலின் முதற்பாடம் அங்கே தொடங்கிவிடுகின்றது. "அழுக்கைத் தொடாதே, எழுந்து வா" என்று அப்பாடத்தை முடித்து வைப்பவர் பெரியோராகிய நாமே.

நாம் பூதக்கண்ணாடியை முதன்முதற் கையில் ஏந்தியது வளர்ந்தபின், ஆய்வுக்கூடத்திலேதான். அதுகாறும் அஃது அலமாரியிற் பூட்டுண்டு கிடந்தது. ஏந்திய அன்றும் கண்டதை வரைந்தோமல்லோம். நூலிலிருந்த படத்தைப் பார்த்து வரைந்து மதிப்பெண் பெற்றோம். தன் கண்ணிருக்கப் பிறர் கண்ணாற் காணும் இப்பழக்கம் ஒரு நாளில் வந்ததன்று. இளமையிற் காண விடாமையால் விளைந்தது. ஆதலின், பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே பூதக்கண்ணாடியை விளையாட்டுப் பொருளாகச் சிறார்க்குக் கொடுத்தல் வேண்டும் என்பது நம் துணிபு.

விளையாட்டால் அறிவு வளருமோ என ஐயுறுவார், ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்து அந்தோனி வான் லீவன்ஹூக்கின் வரலாற்றை நோக்குக. துணி வணிகராகிய அவர் பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர். தாமே அமைத்த சிறு வில்லையைக் கொண்டு, ஆர்வம் ஒன்றே துணையாக ஏரிநீரை நோக்கி, 1674-ஆம் ஆண்டில் நுண்ணுயிர்களைக் கண்டார். 1680-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்திற்கு விளையாட்டு வழிக் கல்வியையே வற்புறுத்துகின்றது.

இதற்கு வேண்டுவன சில. இரண்டு மூன்று மடங்கு பெருக்கும் அகன்ற கண்ணாடி போதும். செம்பருத்தியின் மகரந்தம், இலை நரம்பு, கடல்மணல், தன் விரல்ரேகை ஆகியவற்றைக் குழந்தை தன் விருப்பப்படி நோக்கட்டும். கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தத் தெளிவு பிறப்பதை அது தானே அறிந்துகொள்ளும். ஆசிரியர் முந்திக்கொண்டு விடை கூறல் வேண்டா, "என்ன கண்டாய்?" என வினவிக் காத்திருத்தல் வேண்டும். எறும்புக்குக் கால் ஆறு என நாம் சொன்னால் அது நம் அறிவு. குழந்தை எண்ணிச் சொன்னால் அதன் அறிவு.

உடைந்துவிடுமே என்று அஞ்சுவார்க்குப் பிளாஸ்டிக்கால் ஆனவை உள. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: கண்ணாடி வழியே கதிரவனை நோக்கலாகாது, பார்வை கெடும். வெயிலிற் கிடந்தால் தீயும் பற்றும். ஆதலாற் பெரியோர் உடனிருத்தல் நன்று.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர், பெற்றோருமாவர். அந்நாளில் அவர் அலமாரியின் பூட்டைத் திறப்பாராயின், நாம் இழந்த காட்சியை நம் சிறார் இழவார்.