வில்சனின் கடிதங்களை எப்படிப் படிப்பது?

அரசியல் தலைவர்களின் கடிதத் தொகுப்புகளை நடையழகுக்காக மட்டுமே படித்து மகிழும் வழக்கம் இலக்கிய வாசகர்களாகிய நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சொல்லாட்சியை வியக்கிறோம், கடிதம் யாருக்குப் போனது, அதைப் பெற்றவர் என்ன ஆனார் என்று கேட்பதில்லை. இவ்வழக்கம் எத்தனை பிழையானது என்பதைக் காட்ட, 1913 முதல் 1921 வரை அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் கடிதங்களே போதும்.

வில்சன் பேராசிரியர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்துத் தாமே தட்டச்சு செய்யும் பழக்கம் உடையவர். ஆர்தர் லிங்க்கை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1966 முதல் 1994 வரை வெளிவந்த அவருடைய தாள்கள் 69 தொகுதிகள். அவற்றின் மிடுக்கான உரைநடையை யாரும் மறுக்க முடியாது. நம் கேள்வி வேறு.

1912 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, கறுப்பினத் திருச்சபை ஒன்றின் ஆயரான அலெக்சாண்டர் வால்டர்ஸுக்கு வில்சன் கடிதம் எழுதினார். தாம் அதிபரானால் கறுப்பின மக்கள் முழுமையான நியாயத்தை எதிர்பார்க்கலாம் என்பது அதன் சாரம். அதை நம்பி வாக்களித்தவர்கள் பலர். அடுத்த ஆண்டே அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் கறுப்பின ஊழியர்களைத் தனியே ஒதுக்கி அமர்த்தும் ஏற்பாடு பரவியது. இதைக் கண்டித்துப் பத்திரிகையாளர் ஆஸ்வால்ட் வில்லார்ட் எழுதியபோது, ஒதுக்கிவைப்பது அவர்களுடைய நன்மைக்கே என்று 1913 ஜூலையில் வில்சன் பதில் எழுதினார். முதற்கடிதத்தின் கண்ணியமான குரல் இதிலும் குறையவில்லை. நடையழகை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அதுதான் ஆபத்து.

‘அவர் அவருடைய காலத்தின் மனிதர்’ என்று உடனே ஒரு வக்காலத்து வரும். வில்லார்ட் எந்தக் காலத்தின் மனிதர்? 1913இல் இரண்டு முறை வில்சனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய டு பாய்ஸ் எந்தக் காலத்தவர்? 1914 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கே சென்று முகத்துக்கு நேரே வாக்குறுதியை நினைவூட்டிய மன்ரோ டிராட்டர்? அவர் பேசிய தொனி சரியில்லை என்று சினந்த வில்சன், இனி வருவதானால் வேறொருவரைப் பேச அழைத்து வாருங்கள் என்றார். அநீதியை அநீதி என்று அறிந்தவர்கள் அதே காலத்தில், அதே நகரத்தில், அவருடைய மேசைக்கு எதிரிலேயே நின்றார்கள். காலத்தின்மீது பழியைப் போடுவது இவர்களை வரலாற்றிலிருந்து அழிப்பதாகும்.

வெளியுலகக் கடிதங்களின் கதையும் இதுவே. 1917 ஜூனில், அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்ட சூழலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதியர் அதைக் கொண்டுசென்றனர். 1918இல் மான்டேகு அதைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடுமையாகக் கண்டித்தார். ஐயரோ தம் ‘சர்’ பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். 1919இல் எகிப்தின் சாத் சக்லூல் வில்சனைச் சந்திக்க நேரம் கேட்டு மீண்டும் மீண்டும் எழுதினார், சந்திப்பு கிடைக்கவில்லை. அந்த ஏப்ரலிலேயே எகிப்தின் மீதான பிரிட்டனின் ‘பாதுகாப்பு’ ஆட்சியை அமெரிக்கா அங்கீகரித்தது. பின்னாளில் ஹோ சி மின் என்று அறியப்பட்டவர் ஜூனில் அனுப்பிய வியட்நாமியரின் கோரிக்கைக்குக் கிடைத்தது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் மட்டுமே.

சுயநிர்ணயம் என்ற சொல்லை 1918இல் உலகறிய மேடையில் முழங்கியவர் வில்சன். அச்சொல்லை நம்பிக் கடிதம் எழுதியவர்களோ அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார்கள். எனவே அவருடைய சொல்லை அளக்கும் கோல் மேடைப் பேச்சு அன்று. அதை நம்பி வந்த கடிதங்களை அவர் நடத்திய விதம்.

2020 ஜூனில் பிரின்ஸ்டன், தன் பொது விவகாரக் கல்விப் பள்ளியிலிருந்து வில்சனின் பெயரை நீக்கியது. வில்லார்டுக்கு எழுதிய பதிலுக்கும் அதற்கும் இடையே 107 ஆண்டுகள். சான்று இல்லாததால் வந்த தாமதமா இது? இல்லை. கடிதங்கள் இருந்தன, அச்சிலும் வந்துவிட்டன. அவற்றைப் பெற்றவரின் இடத்தில் அமர்ந்து படிக்க ஆளில்லை, அவ்வளவே.

ஆகவே கடிதத் தொகுப்பைக் கையிலெடுக்கும்போது, எழுதியவரின் பெயரோடு பெற்றவரின் பெயரையும் படிப்போம். அவருக்கு வந்த கடிதங்களையும் சேர்த்துப் படிப்போம். நடையழகு அதன்பின் பேசப்படட்டும். நம் கருத்தை மறுப்போர் தாராளமாக மறுக்கலாம். வால்டர்ஸுக்கும் வில்லார்டுக்கும் எழுதிய அவ்விரு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டு மறுக்கட்டும்.