குஞ்சோட இருக்குற விராலை விட்டுடுங்க

கவரைப்பேட்டை பக்கம் ஏரி நிரம்பினா தூண்டில்காரங்களுக்குக் கொண்டாட்டம்தான். கெண்டைக்கு மண்புழு போதும், ஜிலேபிக்கு மைதா உருண்டை. விராலுக்கு மட்டும் தவளையை முள்ளுல கோர்த்து தண்ணி மேல தத்த விடணும். அதுல தப்பே இல்ல.

ஆனா செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் மேல வந்து மூச்சு வாங்குறப்போ, சரியா அதுக்கு நடுவுல தூண்டிலைப் போடுறாங்க பாருங்க, அது வேண்டாம். அங்க விரால் பாய்ஞ்சு கடிக்கிறது பசியால இல்லீங்க, குஞ்சைக் காப்பாத்த. காவல் போனா கெளுத்தியும் மத்ததும் குஞ்சுகளைத் தின்னு தீர்த்துடும். ஒரு குழம்புக்காக ஒரு கூட்டமே காலி!

தெலங்கானாவுல 2016-ல விராலை மாநில மீனாவே அறிவிச்சாங்க. நாம அவ்வளவு செய்ய வேணாம், குஞ்சு பெருசாகுற வரைக்கும் சில வாரம் பொறுக்கலாமே? என்ன சொல்றீங்க மக்களே?