சக்கரம் மாற்றுவது அண்ணன் வேலையா?

ஸ்கேட்டிங் சக்கரம் சற்று இறுகினால், அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம்மிடையே வழக்கம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நம் குமரிக் கடற்காற்றின் உப்பு பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்கிறது. சக்கரம் சுழலாது இழுத்தால் நாம் விழுவோம். உடனே, "பெண்பிள்ளைக்கு இது எதற்கு?" என்பர். குற்றம் துருவினுடையது, பழியோ நம்மீது!

ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, பேரிங்கின் மூடியை நீக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் விடவேண்டும். பின்னும் கரகரத்தால் புதியது மாட்டவேண்டும். பெரும்பாலும் 608 என்னும் எண்ணே பொருந்தும்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. கரடுமுரடான சாலைக்கு 78ஏ போன்ற மென்மையான சக்கரமும், வழவழப்பான தளத்திற்கு 100ஏ போன்ற கடினமான சக்கரமும் ஏற்றவை.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மகளிர் 3,000 மீட்டர் தொடர் ஸ்கேட்டிங்கில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் இருவரும் தமிழ்நாட்டுப் பெண்களே.

பெற்றோரே, ஸ்கேட்ஸ் வாங்கும்போது ஒரு ஸ்பேனரும் வாங்கித் தாருங்கள். தோழியரே, ஊசி பிடிக்கக் கற்ற கைகளால் அதையும் பிடிக்கக் கற்போமாக!